பங்குச் சந்தை கேள்வி பதில்: காசைப் போட முதல் விதியை உடைச்சுப் பாருங்கோ

இந்த முறை வந்த கடிதங்களில முக்கால்வாசி ஒரே விஷயம்தான். விதி ஒண்டு எழுதி, அந்த விதி சொல்லுற நேரத்தில மட்டும் வாங்கி, அது சொல்லுற நேரத்தில மட்டும் விக்கிறது, அதாவது மெக்கானிக்கல் சிஸ்டம். திருகோணமலைப் பக்கம் இவ்வளவு பேர் இதில மினக்கெடுறது எனக்கு உண்மையிலேயே சந்தோசம், ஆரோ சொன்ன டிப்ஸைக் கேட்டு வாங்கிறதை விட இது எவ்வளவோ மேல். அதனால இந்தப் பக்கம் முழுக்க அதுக்கே குடுத்திட்டன்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். பங்கு விலையின்ர 20 நாள் சராசரி 50 நாள் சராசரியை மேல வெட்டினா வாங்கு, கீழ வெட்டினா வில் எண்ட விதியை எக்செல்லில போட்டு 2009, 2010 டேட்டாவில டெஸ்ட் பண்ணிப் பாத்தன், காசு பல மடங்காகுது. பணிக்கொடைக் காசில 10 லட்சம் போடலாமா? (உவர்மலை வாசகர்)

பதில்: ஐயா, இப்ப போடாதீங்கோ. காரணத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், ஏனெண்டா இதே கணக்கைத்தான் கனபேர் போட்டு வச்சிருக்கிறீங்கள்.

நீங்கள் எடுத்த ரெண்டு வருசமும் எப்பிடிப்பட்ட வருசம் எண்டு பாருங்கோ. 2009 மே மாசம் யுத்தம் முடிஞ்சது, அந்த வருசம் ஏஎஸ்பிஐ, அதாவது கொழும்புச் சந்தையின்ர எல்லாப் பங்குகளையும் சேத்த விலைச் சுட்டி, 125 வீதம் ஏறிச்சு, அடுத்த வருசம் இன்னும் 96 வீதம். அந்த நேரம் எந்த விதியைப் போட்டாலும், வெள்ளிக்கிழமையில மட்டும் வாங்கு எண்டு ஒரு விதி எழுதினாலும், லாபம்தான் வந்திருக்கும். ஆனா 2010 முடிவில 6,635 இல நிண்ட அதே சுட்டி 2019 முடிவில 6,129. ஒன்பது வருசம் ஓடியும் கீழதான். ஆனி ஆடியில நிலாவெளிக் கடலைப் பாத்திட்டு மார்கழியிலயும் இப்பிடித்தான் கிடக்கும் எண்டு வள்ளத்தை இறக்கிற மாதிரி ஆயிடும் உங்கட டெஸ்ட். அந்த ஒன்பது வருசத்தையும் கட்டாயம் உள்ளுக்க போடுங்கோ, பிறகு 2021 (80 வீதம் ஏத்தம்), 2022 (30 வீதம் இறக்கம்) ரெண்டையும் போடுங்கோ. சராசரி வெட்டுற விதிகள் ஒரே திசையில ஓடுற சந்தையில நல்லாச் செய்யும், பக்கவாட்டில ஆடுற சந்தையில மேல வாங்கிக் கீழ வித்து, திரும்ப மேல வாங்கிக் கீழ வித்து, சின்னச் சின்னதா அரிச்சுக்கொண்டே இருக்கும். அந்த அரிப்பு எவ்வளவு எண்டு தெரியாம பணிக்கொடைக் காசைத் தொடக் கூடாது.

அடுத்தது செலவு. உங்கட எக்செல்லில அதுக்கு ஒரு கொலமே இல்லை. கொழும்புச் சந்தையில பத்துக் கோடி ரூபா வரைக்குமான கொடுக்கல் வாங்கலுக்கு புரோக்கர் கமிஷன் 0.64 வீதம், அதோட சந்தைக் கட்டணம், பங்குகளைப் பதிஞ்சு வைக்கிற சிடிஎஸ்ஸின்ர கட்டணம், சந்தையை மேற்பார்க்கிற ஆணைக்குழுவின்ர கட்டணம், பங்கு கொடுக்கல் வாங்கல் வரி 0.3 வீதம் எல்லாம் சேத்து மொத்தம் 1.12 வீதம். வாங்கேக்க ஒருக்கா, விக்கேக்க ஒருக்கா. ஆக ஒரு சுத்துக்கு 2.24. இதைச் சின்னக் காசெண்டு நினைக்காதீங்கோ. வருசத்தில 12 சுத்து முழுக் காசையும் போட்டெடுத்தா கிட்டத்தட்ட 27 வீதம் செலவிலேயே போயிடும், அதை உழைச்சுக் கட்டின பிறகுதான் உங்களுக்கு முதல் ரூபா லாபம்.

ஒரு கணக்கைப் போட்டே காட்டுறன். 100 வியாபாரம் எண்டு வைப்பம், ஒவ்வொண்டும் 75,000 ரூபாவுக்கு. அதில 38 லாபம், சராசரி 9,000, மொத்தம் 3,42,000. மிச்சம் 62 நட்டம், சராசரி 4,000, மொத்தம் 2,48,000. கையில 94,000 மிச்சம், அருமையான சிஸ்டம் எண்டு தோணும். இப்ப ஒரு சுத்துக்கு 1,680 ரூபா செலவைக் கழியுங்கோ, நூறு சுத்துக்கு 1,68,000. 94,000 லாபம் 74,000 நட்டமா மாறுது. அதே விதி, அதே டேட்டா, ஒரு கொலம்தான் கூட.

அமெரிக்காவில கமிஷனே இல்லாம வாங்கி விக்கிற ஆக்களுக்கு எண்டு எழுதின வேகமான விதிகள் இங்க சரிவராததுக்கு முதல் காரணம் இதுதான். எங்கட சந்தைக்கு மெதுவான விதிதான் பொருந்தும், வருசத்தில ஒரு பங்கில ரெண்டு மூண்டு தரத்துக்கு மேல கை வைக்காத விதி. இது என்ர கருத்து, ஆனா மேல இருக்கிற கணக்கும் அதைத்தான் சொல்லுது.

இன்னொண்டு. சிஸ்டம் தாற லாபத்தை எதோட ஒப்பிடுறீங்கள்? 2022 இன்ர பின்பாதியில திறைசேரி உண்டியல் (அரசாங்கம் குறுகிய காலத்துக்கு வாங்கிற கடன்) வட்டி 30 வீதத்துக்குக் கிட்டப் போனது. அந்த வருசம் ஒரு சிஸ்டம் 20 வீதம் தந்திருந்தாலும், பேசாம உண்டியல் வாங்கி வச்சவர் உங்களை முந்தியிருப்பார். ஓய்வூதியக்காரருக்கு இந்த ஒப்பீடு முக்கியம், ஒவ்வொரு வருசத்துக்கும் பக்கத்தில அந்த வருசத்து உண்டியல் வட்டியை எழுதி வச்சுப் பாருங்கோ.

கேள்வி: நானா, நான் ஷரீஆவுக்கு ஒத்த கம்பெனிகளின்ட வைட் லிஸ்டை வச்சு அதில உள்ள பங்குகளில மட்டும் சிஸ்டம் டெஸ்ட் பண்ணுறன், பத்து வருஷத்துக்கும் நல்ல ரிசல்ட் வருது. இது சரியா? (கிண்ணியா வாசகி, ஆசிரியை)

பதில்: லிஸ்ட்டால வடிகட்டுறது நல்ல விதிதான், ஆரும் மாத்தேலாத தெளிவான விதி. ஆனா நீங்க எடுத்தது இப்ப இருக்கிற லிஸ்ட் எண்டா டெஸ்ட் பிழைச்சிடும். அந்த லிஸ்ட் அப்பப்ப மாறுறது, கடன் கூடின கம்பெனி வெளியால போகும், கணக்கைச் சீராக்கின கம்பெனி உள்ளுக்க வரும். 2015 இல வாங்கிறதுக்கு இந்த வருஷ லிஸ்டைப் பாவிச்சா, பிற்காலத்தில நல்லா வந்த கம்பெனிகளை முன்கூட்டியே தெரிஞ்சு வாங்கின மாதிரி. 2015 வியாபாரத்துக்கு 2015 லிஸ்ட், 2016க்கு 2016 லிஸ்ட். பழைய லிஸ்டுகள் கிடைக்காட்டி, கிடைச்ச வருஷத்திலிருந்து மட்டும் டெஸ்ட் பண்ணுங்க.

கேள்வி: அண்ணா, நான் கிழக்குப் பல்கலைக்கழக திருகோணமலை வளாகத்தில படிக்கிறன். பைதனில ஒரு சிஸ்டம் எழுதினன். மூண்டு எண் மாத்தலாம், எத்தினை நாள் உச்சத்தை உடைச்சா வாங்கிறது, எத்தினை நாள் தாழ்வை உடைச்சா விக்கிறது, ஸ்டொப் லொஸ் (நட்டத்தை நிப்பாட்ட விக்கிற விலை) எவ்வளவு. ஒவ்வொண்டுக்கும் 20 பெறுமதி குடுத்து 8,000 சேர்க்கையையும் ஓட்டினன். சிறந்தது வருசத்துக்கு 60 வீதம் தருது. டேர்ட்டில்ஸ் எண்ட அமெரிக்க வியாபாரிகளின்ர முறையும் இதுதானே, அப்ப ஏன் இங்க ஒருத்தரும் செய்யேல்ல? (கோணேசபுரி)

பதில்: தம்பி, கோட் எழுதின உழைப்பைப் பாராட்டுறன், ஆனா அந்த 60 வீதத்தை மறந்திடுங்கோ. 8,000 சேர்க்கை ஓட்டினா, ஒண்டிலையும் உண்மையான பலன் இல்லாட்டியும், ஏதோ ஒண்டு பழைய டேட்டாவோட தற்செயலாப் பொருந்தி மேல வந்து நிக்கும். நீங்கள் கண்டுபிடிச்சது சந்தையின்ர குணமா, அந்தக் குறிப்பிட்ட பத்து வருசத்தின்ர கைரேகையா எண்டு அந்த ஒரு எண்ணை மட்டும் வச்சுச் சொல்லேலாது.

முதல் வேலை, அந்த 8,000 முடிவையும் வரிசைப்படுத்திப் பாக்காம ஒரு படமா வரைஞ்சு பாருங்கோ. உங்கட சிறந்த சேர்க்கை 37 நாள் உச்சம், 14 நாள் தாழ்வு எண்டு வையுங்கோ. அப்ப 35க்கும் 40க்கும், 12க்கும் 16க்கும் என்ன வருது? பக்கத்தில இருக்கிறதெல்லாம் 50, 45 எண்டு வந்தா அதில ஏதோ விஷயம் இருக்கு. 37 இல 60, 36 இல 8, 38 இல மைனஸ் 5 எண்டு வந்தா அது வெறும் தற்செயல். நான் எண்டா உச்சியை எடுக்கமாட்டன், அகலமான மேட்டுநிலத்தின்ர நடுவில ஒரு எண்ணை எடுப்பன், அதின்ர லாபம் குறைவா இருந்தாலும்.

ரெண்டாவது, டேட்டாவில ஒரு பகுதியைப் பூட்டி வையுங்கோ. 2010 தொடக்கம் 2014 வரைக்கும் வச்சு எண்ணைத் தெரிவு செய்து, அதை மாத்தாம 2015 இல ஓட்டுங்கோ. பிறகு 2011 தொடக்கம் 2015 வரை வச்சுத் தெரிஞ்சு 2016 இல ஓட்டுங்கோ. இப்பிடியே ஒவ்வொரு வருசமா முன்னுக்கு நகருங்கோ, இதைத்தான் வோக் போர்வேர்ட் எண்டு சொல்லுறவை. ஓட்டிப் பாத்த வருசங்களை மட்டும் ஒட்டிப் பாத்தா வாற லாபம்தான் நம்பக்கூடியது, அது 60 இல இருந்து 12க்கு இறங்கினாலும் அதிர்ச்சிப்படாதீங்கோ. பூட்டின பகுதியை ஒருக்காத் திறந்து பாத்திட்டு, சரிவரேல்ல எண்டு விதியை மாத்தி, திரும்பவும் அதிலயே ஓட்டினா அது பூட்டின பகுதி இல்லை. இந்த இடத்திலதான் கெட்டிக்காரப் பிள்ளைகள் கனபேர் தங்களைத் தாங்களே ஏமாத்திறது.

மூண்டாவது, விக்கிற விதியை அப்பிடியே வச்சுக்கொண்டு, வாங்கிற நாளை மட்டும் கொம்பியூட்டரைக் குலுக்கிப் போடச் சொல்லி ஆயிரம் தரம் ஓட்டுங்கோ. அந்த ஆயிரத்தில நூறு, இருநூறு உங்கட சிஸ்டத்தை வெல்லுது எண்டா உங்கட வாங்கிற விதியில ஒண்டும் இல்லை.

டேட்டாவையும் ஒருக்காத் துடையுங்கோ. 300 ரூபாப் பங்கு ஒண்டை மூண்டாப் பிரிச்சா அடுத்த நாள் 100 ரூபா. திருத்தாத டேட்டாவில அது 67 வீத விழுக்காடு, உங்கட கோட் பயந்து வித்துப்போடும். போனஸ், ரைட்ஸ் இஷ்யூவும் இப்பிடித்தான். அதோட இண்டைக்கு முடிவு விலையைப் பாத்து சிக்னல் எடுத்திட்டு இண்டைக்கு முடிவு விலையிலேயே வாங்கினதா எழுதாதீங்கோ, மணி முடிஞ்ச பிறகு வந்த சிக்னலுக்கு அடுத்த நாள் விலைதான் கிடைக்கும்.

இனி டேர்ட்டில்ஸ். 1983 கடைசியில சிக்காகோவில ரிச்சர்ட் டெனிஸும் வில்லியம் எக்ஹார்ட்டும் வியாபாரத்தைப் பழக்கேலுமா எண்ட தங்கட வாக்குவாதத்தைத் தீர்க்கிறதுக்குப் புது ஆக்களைச் சேர்த்துச் சொல்லிக்குடுத்த முறை அது. 20 நாள் உச்சத்தை உடைச்சா வாங்கு, 10 நாள் தாழ்வில வெளிய வா, இன்னொரு விதி 55 நாள் உச்சம். இதெல்லாம் ஊரறிஞ்ச விஷயம். ஆனா அவை செய்தது பியூச்சர்ஸ் சந்தையில, அதாவது பின்னொரு நாளுக்கான விலையை இண்டைக்கே பேசி வாங்கி விக்கிற சந்தையில. தங்கம், மசகெண்ணெய், சீனி, கோப்பி, நாணயம், பொண்ட்ஸ் எண்டு ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாத சாமான்கள், ஏறினாலும் இறங்கினாலும் ரெண்டு பக்கமும் வியாபாரம், கமிஷன் மிகக் குறைவு. எங்கட சந்தையில ரூபா விழுந்தா, வட்டி ஏறினா அனேகமான பங்குகள் ஒண்டாச் சேர்ந்துதான் விழும். இருபது பங்கு வச்சிருந்தாலும் அந்த நேரம் அது ஒரே பங்கு மாதிரித்தான். அவையளிட்ட இருந்து எடுக்கவேண்டியது அந்த 20 நாள் இல்லை, அளவு போடுற முறை.

அதைச் சொல்லித்தாறன். ஏடிஆர் எண்டா ஒரு நாளில விலை சராசரியா எவ்வளவு ஆடுது எண்ட அளவு, வெல்ஸ் வைல்டர் 1978 இல குடுத்தது. உங்கட மூலதனம் 5 லட்சம், ஒரு வியாபாரத்தில 1 வீதம், அதாவது 5,000 மட்டும் நட்டப்படலாம் எண்டு வையுங்கோ. பங்கு 60 ரூபா, ஏடிஆர் 2 ரூபா, ஸ்டொப் ரெண்டு ஏடிஆர் கீழ, 56 இல. 5,000 ஐ 4 ஆலப் பிரிச்சா 1,250 பங்கு, பெறுமதி 75,000. நல்லது, ஆனா வாங்கின செலவு 840, 56 இல வித்தா செலவு 784, உண்மையான நட்டம் 6,624. ஒரு வீதம் எண்டு நினைச்சது 1.3 வீதம். இதையும் கோட்டில போடுங்கோ.

கேள்வி: நான் 1 ரூபாவுக்குக் குறைஞ்ச பங்குகளில மட்டும் சிஸ்டம் ஓட்டப் போறன். டெஸ்டில வருசத்துக்கு மூண்டு மடங்கு. (மூதூர் வாசகர்)

பதில்: கொழும்பில விலை ஏறி இறங்கிற ஆகச் சின்னப் படி 10 சதம். 40 சதப் பங்கை வாங்க ஆக்கள் 40 இல நிப்பினம், விக்க 50 இல நிப்பினம், நடுவில ஒண்டுமில்லை. நீங்கள் 50 இல வாங்கி அந்த நிமிஷமே விக்க நினைச்சா 40 தான், வாங்கின உடனேயே 20 வீதம் போச்சு. டெஸ்டில கொம்பியூட்டர் எப்பவும் 40 இல வாங்கி 50 இல விக்கும், உண்மையில 40 இல உங்களுக்கு முன்னால லட்சக்கணக்கான பங்குக்கு வரிசை நிக்கும். எல்லா வாங்கலையும் ஒரு படி கூட்டி, எல்லா விக்கலையும் ஒரு படி குறைச்சுத் திரும்ப ஓட்டுங்கோ. அந்த மூண்டு மடங்கு நிக்காது.

கேள்வி: எங்கட ஊரோட சம்பந்தப்பட்ட கம்பெனிகளைத்தான் எனக்கு விளங்கும். டோக்கியோ சீமெந்து, லங்கா ஐஓசி ரெண்டிலயும் மட்டும் சிஸ்டம் ஓட்டலாமா? ஐஓசி 2022 இல என்ன மாதிரி ஏறிச்சு. (சீனக்குடா வாசகர்)

பதில்: கண்ணுக்கு முன்னால தெரியிற கம்பெனியில அக்கறை வாறது இயல்பு, அதில பிழை இல்லை. ஆனா உங்கட கேள்வியின்ர கடைசி வரியிலதான் சிக்கல். திருகோணமலை எண்ணெய்க் குதங்களின்ர ஒப்பந்தம் 2022 ஜனவரியில, பிறகு எரிபொருள் தட்டுப்பாடு, விலை மாத்தம் எண்டு அந்தப் பங்கு ஏறினதுக்கு ஒருக்கா மட்டுமே வந்த காரணங்கள் இருந்தது. ஏறினது தெரிஞ்ச பிறகு அந்தப் பங்கைத் தெரிஞ்செடுத்து அதில டெஸ்ட் பண்ணினா எந்த விதியும் வெல்லும். ரெண்டு பங்கில மெதுவான விதியை ஓட்டினா பத்து வருசத்தில முப்பது நாப்பது வியாபாரம்கூட வராது, அவ்வளவை வச்சு ஒரு விதியை நம்பேலாது. விதியை எஸ் அன்ட் பி எஸ்எல்20 (20 பெரிய பங்குகளின்ர சுட்டி) இல அந்தந்தக் காலத்தில இருந்த பங்குகள் எல்லாத்திலயும் டெஸ்ட் பண்ணுங்கோ, அங்க நிண்டா பிறகு உங்களுக்குப் பிடிச்ச ரெண்டில பாவியுங்கோ. டோக்கியோ சீமெந்தில வாக்குரிமை உள்ளது, இல்லாதது எண்டு ரெண்டு வகைப் பங்கு ஓடுது, விலை வேற, நாளாந்த வியாபார அளவும் வேற. ரெண்டின்ர டேட்டாவையும் ஒண்டாக் குழப்பிப் போடாதீங்கோ.

கேள்வி: ஸ்டொப் லொஸ் போட்டா நட்டம் அதுக்கு மேல போகாது தானே? (தம்பலகாமம்)

பதில்: போகும். 2020 மார்ச் பிற்பகுதியில பூட்டின சந்தை மே 11 தான் திறந்தது. 2022 ஏப்ரலில புது வருசத்துக்குப் பிறகு ஒரு கிழமை பூட்டி 25 ஆம் திகதி திறக்கேக்க எஸ்எல்20 தடாலெண்டு விழுந்து வியாபாரத்தை நிப்பாட்ட வேண்டி வந்தது. அந்தச் சுட்டி 5 வீதம் விழுந்தா சந்தையே அரை மணித்தியாலம் நிப்பாட்டப்படும். பூட்டின சந்தையில உங்கட ஸ்டொப் வேலை செய்யாது, திறந்த விலைதான் உங்கட விலை. டெஸ்டில ஸ்டொப் விலையில வித்ததா எழுதாம, அந்த ரெண்டு காலத்துக்கும் திறந்த பிறகு உண்மையிலேயே விக்கக்கூடியதா இருந்த விலையைக் கையால போட்டுப் பாருங்கோ.

கேள்வி: ஒரு ஆள் ரோபோ சிஸ்டம் விக்கிறார், மாசம் 10 வீதம் கட்டாயம் வருமாம், 50,000 கேக்கிறார். (உப்புவெளி வாசகி)

பதில்: தங்கச்சி, குடுக்காதீங்கோ. மாசம் 10 வீதம் கூட்டு வட்டியில போனா 1 லட்சம் ஒரு வருசத்தில 3 லட்சத்துக்கு மேல, பத்து வருசத்தில 927 கோடி. அப்பிடி ஒண்டு கையில இருக்கிறவருக்கு உங்கட 50,000 தேவையில்லை. கட்டாயம் எண்டு ஆரும் சொன்னா அந்த இடத்திலேயே கதையை முடிச்சிடுங்கோ.

கேள்வி: நீங்கள் சொன்ன மாதிரி எல்லாம் செய்து, செலவும் போட்டு, பூட்டி வச்ச டேட்டாவிலயும் பாஸ் ஆன சிஸ்டம் ஒண்டு ஓட்டுறன். டெஸ்டில 100க்கு 62 நட்டம், ஆனா மொத்தத்தில லாபம். இப்ப ஆறு தரம் தொடர்ந்து நட்டம் வந்தது, பயந்து ஏழாவதை எடுக்கேல்ல, அது 40 வீதம் ஏறிட்டுது. இரவில நித்திரை இல்லை. (திருகோணமலை நகரம், கடை வைத்திருப்பவர்)

பதில்: அண்ணை, உங்கட கடிதம்தான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. ஆறு நட்டத்தைக் கண்டு சிஸ்டம் உடைஞ்சிட்டு எண்டு நினைக்கிறீங்கள், உடையேல்ல. 62 வீதம் தோக்கிற விதியில நூறு வியாபாரத்துக்குள்ள எட்டுத் தரம் தொடர்ந்து தோக்கிறதுக்கே பாதிக்குக் கொஞ்சம் மேல வாய்ப்பு இருக்கு, ஆறு எண்டது அனேகமா வரும் எண்டே எடுத்துக்கொள்ளலாம். டெஸ்டில வந்த வியாபாரங்களின்ர வரிசையை ஆயிரம் தரம் குலுக்கி, ஆகக்கூடின தொடர் தோல்வி எவ்வளவு, மூலதனம் ஆகக்கூட எவ்வளவு கீழ இறங்குது எண்டு பாருங்கோ. பத்து தோல்வி, 25 வீத இறக்கம் எண்டு வந்தா அதைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில எழுதி ஒட்டுங்கோ, அதைத் தாண்டினா மட்டும்தான் நிப்பாட்டுறது. 25 வீதம் இறங்கினா பழைய இடத்துக்கு வர 33 வீதம் ஏறவேணும், 50 இறங்கினா 100 ஏறவேணும், அதனால எல்லையைப் பெரிசா வைக்காதீங்கோ.

நித்திரை வராட்டி அதுக்குக் காரணம் அனேகமா அளவு. டெஸ்டில 25 வீத இறக்கம் எண்டு பேப்பரில பாக்கேக்க பெரிசாத் தெரியாது, கடைச் சாமானுக்கு வச்ச காசில கால்வாசி போகேக்கதான் தெரியும். ஒரு வியாபாரத்துக்கு 1 வீதம் எண்டதை அரை வீதமாக் குறையுங்கோ, லாபமும் பாதியாகும், பரவாயில்லை. அந்த ஏழாவது பங்குக்குப் பின்னால இப்ப ஓடாதீங்கோ, 40 வீதம் ஏறின பிறகு வாங்கச் சொல்லி உங்கட விதியில எங்கயும் இல்லை. அடுத்த சிக்னல் வாறபோது அரை அளவில ஓர்டரைப் போட்டிட்டு, 2.30க்குச் சந்தை பூட்டும் வரைக்கும் போனைத் திறக்காம வியாபாரத்தைப் பாருங்கோ.